விடு, வீங்கிடும்

"உதடு பாரு" என்று முகத்தை என் பக்கம் நீட்டுகிறாள் ஹெலன். பேர்ணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குப் போகிற கம்பெனி பஸ். மற்ற பெண்கள் பூ வைத்துக்கொண்டும், பொட்டு ஒட்டிக்கொண்டும், போனில் வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டும் வருகிறார்கள். இவள் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் மேல் உதட்டைப் பார்க்க வேண்டும், கீழ் உதட்டைப் பார்க்க வேண்டும், அப்புறம் நாக்கு. "சரியாத்தான் இருக்குது, மூடு" என்று சொன்ன பிறகு சுடிதார் கையை முழங்கைவரை சுருட்டித் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வீக்கம் வருவதற்கு முன்னால் அவளுக்குத் தோலில் வலை விரித்தாற்போல் சிவப்புக் கோடுகள் விழும். கோடு இல்லையென்றால் சட்டென்று கையை இறக்கிவிட்டுத் தூங்கிப்போவாள்.

ஒரு கைக்கண்ணாடி வாங்கித் தொலையேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "கண்ணாடில பாத்தா எனக்கு எப்பவும் வீங்குனமாரிதான் தெரியுது நந்து. நீ பாத்துச் சொல்லு" என்பாள். என் பெயர் நந்தினி. அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். அவ்வப்போது பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்பது கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் மதிப்பதில்லை. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கின்மேல் இருக்கும். இந்த இரண்டும் ஹெலனுக்குக் கிடையாது. கிடையாது என்பதுகூடத் தவறு. அவளுக்கு இரண்டுமே கட்டுபடியாகாது.

வயது நாற்பத்தொன்று. பூசினாற்போல் உடம்பு, ஆண்பிள்ளைத்தனமாகக் கரகரத்த குரல், மேல் உதட்டில் பூனைமுடி போல் மெல்லிய மீசை. மூன்றும் வீக்கத்துக்காக அவள் தினமும் விழுங்குகிற மாத்திரை கொடுத்தது. புதிதாகச் சேர்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். ஹெலன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மீசை வேணுமா, தொண்டை வேணுமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. தொண்டைன்னு சொன்னேன்." அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அதன்பிறகு சிரிக்கவும் இல்லை.

அவளுடைய வேலை, பெட்டிக்குள் போகிற ஷூவின் வயிற்றில் மெல்லிய காகிதத்தைச் சுருட்டித் திணிப்பது. ஷூ அமுங்காமல் கப்பலில் போய்ச் சேர வேண்டும் அல்லவா, அதற்கு. இதைவிடச் சின்ன வேலை எங்கள் கம்பெனியில் இல்லை. சேர்ந்த காலத்தில் அவள் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். நல்ல கை. கை அடிக்கடி வீங்கியதால் நூல் வெட்டுகிற டேபிளுக்கு மாறினாள். கத்தரிக்கோல் பிடித்த கட்டைவிரல் மறுநாள் காலையில் இட்லி போல் உப்பிக்கொண்டது. தையல் மடிப்பைச் சுத்தியால் தட்டி அமுக்குகிற டேபிளில் ஒருநாள் போட்டார்கள். அன்று சாயங்காலம் தொடங்கிய வீக்கம் முழங்கைவரை ஏறியது. அதிலிருந்து காகிதம்தான். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் சூப்பர்வைசராகவும் டெய்லராகவும் ஆகிவிட்டார்கள். இவள் இன்னும் ஹெல்பர்.

தோல் தொழிலில் பிழைக்கிற இந்த ஊரில் ஒருத்தருக்கு என்ன வந்தாலும் சரி, தோல்தான் காரணம். முடி கொட்டினால் தோல். கரு கலைந்தால் தோல். சொறி, இருமல், மூட்டுவலி, புருஷன் குடிப்பது எல்லாம் தோல். பாதி உண்மையும் கூட. பாலாற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பாதி உண்மை மிச்சப் பாதியை எட்டிக்கூடப் பார்க்க விடாது. ஹெலனுடைய அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அவ்வப்போது முகம் வீங்கும். ஒருநாள் தொண்டை அடைத்துச் செத்துப்போனார். சுண்ணாம்பு என்றார்கள். ஹெலனுக்குப் பன்னிரண்டு வயதில் கை வீங்கியது. அப்பன் துணியைத் துவைத்த கை, அதிலிருந்து ஏறிவிட்டது என்றார்கள். வீங்கும்போதெல்லாம் அலர்ஜிக்குப் போடுகிற அவில் ஊசி. அது ஒரு நாளும் கேட்டதில்லை. வீக்கம் தானாக வந்தது, மூன்று நாளில் தானாகப் போனது. ஊசி போட்டவர் மட்டும் தன்னால்தான் போனது என்று சொல்லிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் வயிற்றுவலி. சுருண்டு விழுந்து வாந்தி எடுத்திருக்கிறாள். குடல்வால் என்று சொல்லி ஒரு நர்ஸிங் ஹோமில் வயிற்றைக் கிழித்தார்கள். குடல்வால் நன்றாகவே இருந்தது. இருந்தாலும் எடுத்துவிட்டார்கள். மறுபடி வலி, இந்த முறை கர்ப்பப்பைக் கட்டி என்று இன்னொரு கிழிப்பு. அந்த வயிற்றை ஒருநாள் பாத்ரூமில் எனக்குக் காட்டினாள். "பாரு, சாம்பிள் பீஸ் மாரி தச்சு வெச்சிருக்கானுங்க" என்றாள். நான் அந்த டாக்டர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "விடு, வீங்கிடும்."

இந்த "விடு, வீங்கிடும்" எங்கள் லைனில் பிரசித்தம். பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டையா, சம்பளத்தில் பிடித்தம் அதிகமா, மாமியார் ஏதாவது சொன்னாளா, யாராவது ஒருத்தி ஹெலன் குரலில் "விடு, வீங்கிடும்" என்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஹெலனுக்கு அது சிரிப்பு இல்லை. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்து, கடைசியில் அந்த வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நீளமான பெயர், அவள் வாயில் நுழையவில்லை. "எங்க வூட்டு வீக்கம்" என்றுதான் சொல்வாள். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு புரதம் குறைவு. அதனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு எங்கே வேண்டுமானாலும் வீங்கும். குடல் வீங்கினால் வயிற்றுவலி. தொண்டை வீங்கினால் மூச்சு நின்றுவிடும். இது அலர்ஜி இல்லை, அலர்ஜி ஊசி இதற்குக் கேட்காது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரவும் வராமல் போகவும் சரிபாதி வாய்ப்பு.

எதனால் கிளம்பும் என்று கேட்டிருக்கிறாள். அடிபட்டால் கிளம்பும், அழுத்தினால் கிளம்பும், காய்ச்சலுக்குக் கிளம்பும், தீட்டு நாளில் கிளம்பும், கருத்தடை மாத்திரைக்கும் சில பிரஷர் மாத்திரைக்கும் கிளம்பும் என்றார்கள். பல் பிடுங்குவது எல்லாவற்றையும்விட மோசம், முன்கூட்டியே பிளாஸ்மா ஏற்றாமல் பல்லில் கை வைக்கவே கூடாது என்றார்கள். கடைசியாக, மனக்கஷ்டத்துக்கும் கிளம்பும், டென்ஷன் ஆகாமல் இருங்கள் என்றார்கள். "டாக்டரம்மா, நான் ஷூ கம்பெனில வேல செய்றேன். வூட்டுக்காரன் வூட்டுக்கு வர்றதில்ல. டென்ஷன் இல்லாம இருன்னா எப்படி இருக்கறது? வேற ஊரு இருந்தா சொல்லுங்க, போய்டறேன்" என்றாளாம்.

வேறு ஊர் இல்லை. எனவே இந்த ஊரிலேயே கோபம், அழுகை இரண்டையும் விட்டுவிட்டாள், சிலர் புகையிலையை விடுகிற மாதிரி. புருஷன் மெட்ராஸில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற சேதி வந்தபோது காகிதம் திணித்துக்கொண்டிருந்தாள். திணித்துக்கொண்டே கேட்டாள். "அழுதா மூஞ்சி வீங்கி மூணு நாள் லீவு. அவனுக்காவா மூணு நாள் சம்பளத்த விடறது?" என்றாள். சாவு வீட்டுக்குப் போக மாட்டாள். டிவி சீரியல் பார்க்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மனந்திரும்புதல் ஜெபம் தொடங்கி, சபை முழுக்கக் கண்ணீர் விடுகிற நேரத்தில் எழுந்து வெளியே வந்துவிடுவாள். வாசலில் கிடக்கிற செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருப்பாள். இவள் பாவத்தில் ஊறிப்போனவள் என்று பாஸ்டருக்கு ஒரு எண்ணம். கல்நெஞ்சுக்காரி என்பது காலனிப் பெண்களின் எண்ணம். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தம்பி சாமுவேலுக்கு மட்டும் அவள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் அப்பாவைப் போலத் தோல் ஷாப்பில்தான் வேலை, தோலைக் கெமிக்கலில் போட்டுப் புரட்டுகிற டிரம் ஓட்டுகிறவன். அவனுக்கும் கை வீங்கும், அவ்வப்போது உதடு. வேலூருக்கு வா, ஒரு ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம் என்று இவள் கூப்பிட்டால், "அக்கா, உனக்கு வர்றது பொம்பள நோவு. எனக்கு கெமிக்கல் ஒத்துக்கல, அவ்ளோதான்" என்பான். போன வருஷம் கடைவாய்ப்பல் சொத்தையாகி வலி தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பிளாஸ்மா என்கிற பேச்சே அங்கே எடுக்கவில்லை. சாயங்காலம் கன்னம் வீங்கியது, பிறகு கழுத்து. ஹெலன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பக்கத்து கிளினிக்கில் அவில் ஏறிக்கொண்டிருந்தது. இது அலர்ஜி இல்லை சார், பிளாஸ்மா வேணும் சார் என்று கும்பிட்டிருக்கிறாள். "தோல் ஷாப்ல வேலைதானே? அப்ப அலர்ஜிதாம்மா" என்று கிளினிக்காரர் சொன்னார். வேலூருக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் பள்ளிகொண்டா தாண்டவில்லை.

சாவுக்கு நான் போனேன். ஹெலனும் வந்திருந்தாள். தம்பி ஆயிற்றே, வராமல் முடியுமா? பந்தலுக்கு வெளியே தனியாக நின்று கரண்ட் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமுவேலின் மனைவி சங்கீதா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், அவன் மகள் பியூலா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள், கூடப் பிறந்தவள் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காயை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கே ஆத்திரமாகத்தான் இருந்தது. கிட்டப் போனபோது அவள் தாடை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "பேசாத நந்து. ஒரு வார்த்த பேசாத" என்றாள்.

காரியம் முடிந்த கையோடு சுப்பராயன் வந்தார். சங்கத்துக்காரர், நல்ல மனுஷன், தோல் ஷாப் தொழிலாளிகளுக்காக எத்தனையோ வழக்கு நடத்தியவர். கெமிக்கல்தான் சாமுவேலைக் கொன்றது, நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்றார். சங்கீதாவுக்கு வேறு நாதி இல்லை. வாடகை வீடு, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண். மனு போட்டார்கள். வேலூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. சாமுவேலுக்கு உடன்பிறந்தவள் என்பதால் ஹெலனையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

இதற்கு நடுவில் பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது பியூலாவின் வாயில் பந்து பட்டது. லேசான அடி. மறுநாள் உதடு இரண்டு மடங்கு ஆனது. பந்து பட்டா வீங்காதா என்று சங்கீதா மஞ்சள் பூசினாள். ஹெலன் போய் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு இல்லை, சூடு இல்லை, அரிப்பு இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. "இவளுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும் சங்கீதா" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். அன்றிலிருந்து அவள் கவலைப்பட்டதும் அது ஒன்றுக்காகத்தான்.

சங்கீதா கதவைச் சாத்திவிட்டுக் காலில் விழுந்திருக்கிறாள். "அண்ணி, பரம்பரைன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா கேஸும் போச்சு, எம் பொண்ணுக்கு வர்ற மாப்பிள்ளையும் போச்சு. டெஸ்ட் எடுத்தா பேப்பர் வரும். பேப்பர் வந்தா அவங்க வக்கீல் கைக்குப் போவும். கேஸ் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்." கேஸ் எப்போது முடியும்? இங்கே கேஸ் போட்டவன் பிள்ளைக்குக் கல்யாணமாகி, பேரன் பிறந்து, அப்புறம் தீர்ப்பு வரும். ஆனாலும் ஹெலனால் மறுக்க முடியவில்லை. விசாரணையில் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

சாப்பாட்டு ஹாலில் இதை என்னிடம் சொன்னபோது நான் சங்கீதா பக்கம்தான் பேசினேன். கம்பெனிக்காரனிடம் நாலு காசு வாங்கினால் என்ன கெட்டுவிட்டது? எத்தனை பேரை அந்த டிரம் உண்மையாகவே தின்றிருக்கிறது, அதற்கெல்லாம் யார் கொடுத்தார்கள்? ஒரு பொய்யில் ஒரு குடும்பம் பிழைத்துப்போகட்டுமே என்றேன்.

"சோறு இல்லன்னா யார் வூட்லயாவது பாத்திரம் கழுவிப் பொழைச்சுக்கும் நந்து. தொண்ட அடைச்சுக்கிச்சுன்னா இன்னா பண்ணும்?" என்றாள்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே, சொல்லித்தர."

"சாமுவேலுக்கும் நான் இருந்தேனே" என்றாள். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் ஹெலன் காகித டேபிளுக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமதுவிடம் போய் நின்றாள். "பாய், இன்னிக்கு ஒரு நாளைக்கு என்ன சுத்தி டேபிள்ல போடுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உனக்கு சுத்தி ஆகாதேமா. இன்னாத்துக்கு இந்த பேஜார்?" என்றார். ஷிப்மென்ட் நேரம், ஆள் கம்மி, அதனால் அதற்குமேல் கேட்கவில்லை. வலது கையில் சுத்தியை எடுத்துக்கொண்டு மடிப்பு மடிப்பாகத் தட்ட ஆரம்பித்தாள். நான் என் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பைத்தியமாடி உனக்கு?"

"பேசமாட்டேன்னுதான் சத்தியம். கை வீங்காதுன்னு சத்தியம் பண்ணல." தட்டுவதை நிறுத்தவே இல்லை. "ஆபீசரு படிச்சவரு. கையப் பாத்தா கேப்பாரு. அவரே கேட்டு, அவரே கண்டுபுடிக்கட்டும்."

"கைல வந்தது தொண்டைக்குப் போனா?"

"வேலூர்லதானே இருப்பேன். ஆஸ்பத்திரி கிட்டக்கதான்."

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். யார் பக்கம் போனேன் என்று எனக்கே தெரியாது. அவள் வலது கை மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை உப்பி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மடக்க வராமல் இருந்தது. துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அதிகாரியின் அறையில் ஒரு பக்கம் சுப்பராயன், சங்கீதா. மறுபக்கம் கம்பெனி வக்கீல். அதிகாரி தணிந்த குரலில் பேசுகிறவர். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி வீக்கம் வந்திருக்காம்மா?" என்று கேட்டார். ஹெலன் துப்பட்டாவை விலக்கிக் கையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரி கேட்பதற்கு முன்னால் சுப்பராயன் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாருங்க சார், நல்லாப் பாருங்க. இவங்களும் ஷூ கம்பெனிலதான் வேல. இவங்க அப்பாவும் தோல் ஷாப்பு. மூணு பேரு சார், ஒரே குடும்பத்துல. தோல் இவங்க ரத்தத்துலயே ஊறிப்போச்சு சார். இதுக்குமேல இன்னா சாட்சி வேணும்?"

அதிகாரி தலையை ஆட்டினார். எதையோ குறித்துக்கொண்டார். சங்கீதா கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். கம்பெனி வக்கீல் ஃபைலைப் புரட்டினார். இந்த ஊரில் வீங்கின கையைப் பார்த்தால் வேறு எதுவும் யாருக்கும் தோன்றாது என்பதை ஹெலன் மறந்துபோயிருந்தாள். அத்தனை வருஷம் அதே பேச்சைக் கேட்டுக்கேட்டுப் புளித்தவள், எப்படித்தான் மறந்தாளோ.

"தோல் இல்ல சார்" என்றாள் ஹெலன்.

சங்கீதா கண்ணைத் திறந்தாள். "அண்ணி" என்றாள், அவ்வளவுதான்.

"தோல் இல்ல சார். எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்குது, எந் தம்பிக்கு இருந்துச்சு. பொறப்புலயே இருக்குது. பல்லு புடுங்குனதுலதான் செத்தான், கெமிக்கல்ல இல்ல. ஆஸ்பத்திரில எனக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. அவம் பொண்ணுக்கும் உதடு வீங்குது சார். அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டேங்குறாங்க." சொல்லச் சொல்ல அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் அழுது பார்த்தது அன்றுதான். அழத் தெரியாதவள் போல, வாயைப் பிளந்துகொண்டு, மூக்கு ஒழுக, ஒரு அழுகை.

வாசலில் சங்கீதா குனிந்து மண்ணை வாரி அவள்மேல் தூற்றினாள். "எம் புருஷன முழுங்குனது பத்தாதுன்னு எம் பொண்ணு வாழ்க்கையிலயும் மண்ணப் போட்டியே. நீ நல்லா இருப்பியா? பைபிள் மேல கைய வெச்சியே, அந்தக் கை அழுகிப்போவாதா?" தலையிலும் மீசையிலும் மண்ணோடு ஹெலன் நின்றாள். சுப்பராயன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அதற்குள் ஹெலனின் கீழ் உதடு தடிக்கத் தொடங்கியிருந்தது. அவளை ஆட்டோவில் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் நாக்கை நீட்டு, நாக்கை நீட்டு என்று கத்திக்கொண்டே போனேன். கழுத்தில் ஓட்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராக வைத்திருந்தார்கள். பிளாஸ்மா ஏற ஏற, விடிவதற்குள் இறங்கிவிட்டது.

மனு தள்ளுபடியானது. யாருக்கும் அதிசயமில்லை. சங்கீதா எங்கள் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், பசை தடவுகிற டேபிளில். விஷயம் காலனி முழுக்கத் தெரிந்துபோன பிறகு மறைக்க என்ன இருக்கிறது? ஹெலன் பியூலாவைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். சங்கீதா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பியூலாவுக்கும் இருக்கிறது.

எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஹெலன் செய்தது சரி என்று தெரிகிறது. சங்கீதாவின் கை முழுக்கப் பசை அப்பி, தோலுரிந்து கிடப்பதைப் பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போது அந்தச் சரியைத் தூக்கிக் குப்பையில் போடலாம் போல் இருக்கிறது. ஹெலனிடம் இதைச் சொல்லியும் விட்டேன். "எனக்கும்தான்" என்றாள். சங்கீதா அவளோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் எச்சில் துப்பிவிட்டுப் போகிறாள்.

போன வாரம் பியூலாவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க நாள் குறித்திருந்தார்கள். அப்பனுக்கு வந்த அதே சொத்தை. வேலூரில்தான், ஒருநாள் முன்னதாகப் படுக்க வைத்து, பிளாஸ்மா ஏற்றிய பிறகுதான். சங்கீதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது. காலையில் பேர்ணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நானும் ஹெலனும் முன்னாலேயே நின்றிருந்தோம். சங்கீதா பெண்ணைப் பார்த்துப் பேசினாள், ஆனால் பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி.

"அந்த பிளாஸ்மா தண்ணிய ஏத்துனாங்களான்னு கேளு. ஏத்தாம வாயைத் தொறக்காத. யார் இன்னா சொன்னாலும் தொறக்காத. மூச்சு ஒருமாரி இருந்தா ஒடனே சொல்லு, வெக்கப்படாத. உங்கப்பன் சொல்லாமதான் செத்தான்."

"சரிம்மா."

"அவில் குடுத்தா வாணான்னு சொல்லு."

"சரிம்மா."

கையில் ஒரு வயர் கூடை வைத்திருந்தாள். உள்ளே மாற்றுத்துணி, தட்டு, தண்ணீர் பாட்டில், நல்ல கனம். ஹெலன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். சங்கீதா அந்தக் கையைப் பார்த்தாள். கூடையை அதில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

கூடையின் பிடியைப் பார்த்தேன். மெல்லிய வயர் கையை அறுக்காதபடி, ஒரு பழைய லுங்கியைக் கிழித்து அதில் மெத்தென்று சுற்றி, பிரிந்து போகாமல் ஊசிநூல் போட்டுத் தைத்திருந்தது. பியூலா எடுக்கக் குனிந்தாள். ஹெலன் அவளை ஒதுக்கிவிட்டு, தானே குனிந்து, கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.